லோபு துவா: கற்பூர ஊரில் நட்ட தமிழ்க் கல்

இந்தோனேசியாவில் ஒரு மளிகைக் கடைக்குப் போய் "காப்பூர் பாரூஸ்" என்று கேட்டால், துணி அலமாரியில் பூச்சி வராமல் இருக்கப் போடும் வெள்ளை உருண்டையை எடுத்துத் தருவார்கள். நம்மூரில் அதை அந்துருண்டை என்கிறோம். "பாரூஸ் கற்பூரம்" என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். இன்று அந்த உருண்டையில் கற்பூரமும் இல்லை, அது பாரூஸிலிருந்து வருவதும் இல்லை. பெயர் மட்டும் மிச்சம்!

சரி, இந்த பாரூஸ் எங்கே இருக்கிறது?

சுமத்ரா தீவின் மேற்குக் கரையில், சிபோல்கா நகரத்துக்கு வடமேற்கே இருக்கும் சின்ன ஊர் பாரூஸ். வடக்கு சுமத்ரா மாகாணம், மத்திய தபானூலி மாவட்டம். ஒரு பக்கம் இந்தியப் பெருங்கடல், மறு பக்கம் பதாக் மக்கள் வாழும் மலைகள். இந்த பாரூஸுக்குப் பக்கத்தில் இன்னும் சின்னதாக ஒரு கிராமம். பெயர் லோபு துவா. பதாக் மொழி வழக்கில் 'பழைய குடியிருப்பு' என்று பொருள். சுற்றுலாப் பயணிகள் வந்து படம் எடுக்க அங்கே பெரிய கோயிலோ கோட்டையோ கிடையாது. ஆனால் அந்த மண்ணுக்குள் ஒரு துறைமுகமே புதைந்திருக்கிறது.

எல்லாவற்றுக்கும் காரணம் கற்பூரம்தான்.

பாரூஸின் பின்னால் உள்ள காடுகளில் வானுயர வளரும் ஒரு மரம் உண்டு. அதன் தண்டுக்குள் இருக்கும் வெடிப்புகளில் கற்பூரம் படிகமாக உறைந்து கிடக்கும். எந்த மரத்தில் இருக்கும், எதில் இருக்காது என்று வெளியிலிருந்து உறுதியாகச் சொல்ல முடியாது. மரத்தை வெட்டிப் பிளந்துதான் பார்க்க வேண்டும். பல மரங்கள் விழுந்தபின் ஒன்றில் கொஞ்சம் கிடைக்கும். விலை ஏறாமல் என்ன செய்யும்? சீனாவிலும் ஜப்பானிலும் வேறொரு மரத்தின் கட்டைகளைக் காய்ச்சி எடுக்கும் கற்பூரம் மலிவானது. பாரூஸ் கற்பூரம் மருந்துக்கும் வாசனைக்கும் உயர்ந்த சரக்கு. அரேபியர்கள் இந்த ஊரை 'ஃபன்சூர்' என்றார்கள். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் சுமத்ராவில் தங்கிய மார்கோ போலோ, ஃபன்சூர் கற்பூரம் எடைக்கு எடை தங்கத்துக்கு விற்றது என்று எழுதி வைத்திருக்கிறார்.

மலையில் இருந்தவர்கள் கற்பூரமும் சாம்பிராணியும் கொண்டு வந்தார்கள். கடற்கரையில் இருந்தவர்கள் உப்பும் துணியும் இரும்பும் கொடுத்தார்கள். இந்தப் பண்டமாற்றுதான் பாரூஸின் உயிர்.

இந்த வியாபாரத்தில் தமிழர்களும் இருந்தார்கள் என்பது 1873-ல் தெரிய வந்தது. அந்த ஆண்டு ஒரு டச்சு அதிகாரி லோபு துவாவில் எழுத்து பொறித்த ஒரு கல்தூணைக் கண்டார். அது என்ன எழுத்து என்பது உடனே புரியவில்லை. 1890-களின் தொடக்கத்தில், சென்னையில் பணியாற்றிய கல்வெட்டு அறிஞர் ஹூல்ட்ஷ்தான் அது தமிழ் என்று அடையாளம் காட்டினார். 1932-ல் நீலகண்ட சாஸ்திரியார் அதைப் பற்றி விரிவான கட்டுரை வெளியிட்டார். பிறகு எ. சுப்பராயலு அதை மறுபடி படித்து, 1998-ல் திருத்தமான பாடத்தைத் தந்தார்.

கல்வெட்டில் உள்ள ஆண்டு சகம் 1010, மாசி மாதம். நம் கணக்கில் கி.பி. 1088. தமிழகத்தில் அப்போது முதலாம் குலோத்துங்க சோழனின் ஆட்சி. ஆனால் கல்லில் குலோத்துங்கன் பெயர் இல்லை. எந்த அரசன் பெயரும் இல்லை!

பேசுவது 'திசை ஆயிரத்து ஐந்நூற்றுவர்' என்ற வணிகர் குழு. கர்நாடகத்தில் உள்ள ஐஹொளேயைத் தாயகமாகச் சொல்லிக்கொண்டு, தென்னிந்தியா முழுவதும் கிளை பரப்பியிருந்த பெரிய வணிகச் சங்கம் அது. அவர்கள் 'வாரோசு' என்ற ஊரின் துறைமுகப் பகுதியில் கூடினார்கள். வாரோசுதான் பாரூஸ். அந்த ஊருக்கு 'மாதங்கரி வல்லவத் தேசி உய்யக்கொண்ட பட்டினம்' என்று நீளமான இன்னொரு பெயரும் வைத்திருந்தார்கள்.

கூடி என்ன முடிவு செய்தார்கள்? வந்து சேரும் மரக்கலத்தின் நாயகனும் கப்பலோடு வந்தவர்களும் 'அஞ்சுதுண்டாயம்' என்ற கட்டணத்தைப் பொன்னாகச் செலுத்த வேண்டும். செலுத்திய பிறகே விரித்த பாவாடையில் கால் வைத்து ஊருக்குள் நுழையலாம். அந்தப் பொன்னின் அளவு கஸ்தூரி விலையை ஒட்டி அமையும். தங்கள் ஆட்களில் சிலரை 'நம் மகனார்' என்று உரிமையோடு குறிப்பிட்டு, இந்த வருமானத்தை அவர்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். கடைசியில் அறத்தை மறக்கக் கூடாது என்ற பொருளில் ஒரு வரியோடு கல் முடிகிறது.

வணிகவியல் படிப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கலாம். ஒரு சங்கம் கூட்டம் போடுகிறது, தீர்மானம் நிறைவேற்றுகிறது. கட்டணத்தை ஒரே தொகையாக நிறுத்தாமல் சந்தையில் உள்ள ஒரு சரக்கின் விலையோடு இணைக்கிறது. வருமானம் யாருக்கு என்று எழுதி, எல்லோர் கண்ணிலும் படும்படி நட்டு வைக்கிறது. இன்றைய வர்த்தக சபைகள் செய்வதிலிருந்து இது எவ்வளவு தூரம்? அதுவும் தாய்நாட்டிலிருந்து வங்கக் கடல் தாண்டி, அந்நிய மண்ணில்!

அதற்காக லோபு துவாவை 'தமிழர் ஊர்' என்று சொல்லிவிட முடியாது. பிரெஞ்சு, இந்தோனேசியத் தொல்லியலாளர்கள் 1990-களின் பிற்பகுதியில் இங்கே அகழாய்வு செய்தார்கள். தலைமை ஏற்றவர் கிளோத் கியோ. ஊர் 9ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே தொடங்கிவிட்டது என்று தெரிந்தது. அதாவது கல்லை நடுவதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் முன்பே. சீனப் பீங்கான், மத்திய கிழக்கின் கண்ணாடி, இந்திய மண்பாண்டம் எல்லாம் ஒரே மண்ணில் கலந்து கிடந்தன. பல நாட்டுக்காரர்கள் வந்து போன சந்தை அது. தமிழ் வணிகர்கள் அதில் ஒரு முக்கியப் பங்காளிகள்.

சோகம் என்னவென்றால், கல் நட்ட பிறகு லோபு துவா நீண்ட காலம் வாழவில்லை. 11ஆம் நூற்றாண்டு முடியும் சமயத்தில் ஊர் கைவிடப்பட்டது. கெர்காசி என்ற அரக்கர்கள் வந்து அழித்தார்கள் என்பது அந்தப் பக்கத்துக் கதை. அரக்கர்கள் என்று சொல்லப்பட்டவர்கள் யாரோ! வியாபாரம் பக்கத்திலேயே வேறு இடத்துக்கு நகர்ந்து, பாரூஸ் பல நூற்றாண்டுகள் செழித்தது. புகழ்பெற்ற மலாய் சூஃபிக் கவிஞர் ஹம்சா ஃபன்சூரி தன் பெயரிலேயே இந்த ஊரைச் சுமந்தார். பாரூஸைச் சுற்றிப் பழைய இஸ்லாமியக் கல்லறைகள் நிறைய உண்டு. 2017 மார்ச்சில் அன்றைய அதிபர் ஜோகோ விடோடோ, தீவுக்கூட்டத்தில் இஸ்லாமிய நாகரிகம் தொடங்கிய இடம் என்று இங்கே ஒரு நினைவுச்சின்னத்தைத் திறந்து வைத்தார்.

ஐந்நூற்றுவர் நட்ட கல் இப்போது லோபு துவாவில் இல்லை. ஜகார்த்தாவின் தேசிய அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது.

தமிழர்களின் கடல் கடந்த வரலாறு என்றதும் நமக்கு நினைவு வருவது 1025-ஐ ஒட்டி நடந்த ராஜேந்திர சோழனின் படையெடுப்புதான். கடாரம் கொண்டான் என்று பெருமையாகச் சொல்கிறோம். படைகள் வந்தன, வென்றன, திரும்பின. அதற்கு அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு, படையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமல், சுமத்ராவின் ஒரு கரையில் உட்கார்ந்து கட்டண விகிதம் பேசிக்கொண்டிருந்தார்கள் சில வியாபாரிகள். அவர்களைப் பற்றிப் பரணி பாட யாரும் இல்லை. மெய்க்கீர்த்தியும் இல்லை. அவர்களே எழுதி வைத்த ஒரு வரிக்கணக்குதான் சாட்சி.

அடுத்த முறை சாமி அறையில் பச்சைக் கற்பூரத்தை நுகரும்போது, லோபு துவாவையும் கொஞ்சம் நினைத்துக் கொள்ளலாமே?