கட்டியவரே கலைத்தார்!

கோயிலைக் கண்டித்தோர் உண்டு. கோட்டையைக் கண்டித்தோரும் உண்டு. தாம் கட்டிய கட்சியையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியவர் எத்தனை பேர்? ஒருவரை நாம் அறிவோம். அவர் எம்.என்.ராய்.

வங்கத்திலே, புரோகிதர் மரபில், 1887இல் பிறந்தவர் நரேந்திரநாத் பட்டாச்சாரியா. வெள்ளையரை விரட்ட ஆயுதம் தேடிக் கடல் கடந்தார். ராய் எனப் பெயர் பூண்டார். மெக்சிகோவிலே பொதுவுடைமைக் கட்சி தோன்ற முன்னின்றார். 1920இல் மாஸ்கோவிலே லெனினுடனேயே வாதிட்டார். 1929இல் பொதுவுடைமை அகிலம் அவரை வெளியேற்றியது. 1931இல் பம்பாயிலே கைதானவர், 1936 வரை சிறையிலே வாடினார்.

'வேதம் சொல்லிற்று, அடங்கு!' என்றது வைதிகம். 'தலைமை சொல்லிற்று, அடங்கு!' என்றது கட்சி. சொல் வேறு, பூட்டு ஒன்று. பூட்டப்பட்டது மனிதனின் அறிவு!

1946இல் ராய் தம் கொள்கையை 22 கருத்துரைகளாக வகுத்தார். மனிதனே முதல், சமூகமும் அரசும் அவனுக்காக. அவனது விடுதலையே எந்த அமைப்பையும் அளக்கும் கோல். அந்தக் கோலைத் தம் கட்சி மீதும் வைத்தார். அதிகாரம் நாடும் கட்சி, மக்களை எண்ண விடாது, எண்ணிக்கை ஆக்கிவிடும் எனக் கண்டார். 1940இல் தொடங்கிய தீவிர ஜனநாயகக் கட்சியை 1948இல் கல்கத்தாவிலே கலைத்தார். ஊர்தோறும் மக்கள் குழுக்கள் அமைந்து தம்மைத் தாமே ஆளவேண்டும் என்றார்.

தேர்தலில் தோற்றதால் கலைத்தார் என்பாரும் உளர். தோற்ற கட்சிகளெல்லாம் கலைந்தனவா?

1954இல் டேராடூனில் ராய் மறைந்தார். கோல் மறையவில்லை. பிறர் பீடத்தை அதனால் அளக்கும் நாம், நமது பீடத்தையும் அளப்போமா?