32,000 பைட் பட்ஜெட்

"பதினாறே கலர்ல எப்படிப்பா கேம் ஆடினாங்க?" என்று பிள்ளைகள் கேட்டார்கள். கோடிக்கணக்கான நிறம் காட்டும் செல்போனில் வளர்கிற தலைமுறை, கேட்காமல் என்ன செய்யும்! நான் பி.காம். படித்த வங்கிக்காரன். எனக்குத் தெரிந்த கணக்கு வழியிலேயே பதில் சொல்கிறேன்.

1985-இல் அமெரிக்காவின் அடாரி நிறுவனம் 'எஸ்டி' என்ற கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தது. மெமரி யானை விலை விற்ற காலம். திரையில் வரும் படத்துக்கு ஒதுக்கியது வெறும் 32,000 பைட். வரவு இவ்வளவுதான், செலவை எப்படிப் பிரிப்பது என்பது நம் விருப்பம்:

320 × 200 புள்ளிகள் என்றால் ஒரு புள்ளிக்கு 4 பிட், 16 நிறம்.
640 × 200 என்றால் 2 பிட், 4 நிறம்.
640 × 400 என்றால் 1 பிட், கறுப்பு வெள்ளை மட்டும்.

பெருக்கி 8-ஆல் வகுத்துப் பாருங்கள். மூன்றுக்கும் அதே 32,000 பைட்!

அந்த 4 பிட்டில் இருப்பது நிறம் அல்ல, வெறும் எண். 512 நிறங்களிலிருந்து 16-ஐத் தேர்ந்தெடுத்து, எண் போட்டு ஒரு அட்டவணையில் வைத்திருப்பார்கள். வவுச்சரில் கணக்கு எண்ணை மட்டும் எழுதிவிட்டு, பெயரைப் பேரேட்டில் பார்த்துக்கொள்வது மாதிரி. அட்டவணையில் 5-ஆம் எண்ணை நீலத்திலிருந்து பச்சையாக்கினால், திரையில் 5 இருக்கும் இடமெல்லாம் பச்சையாகிவிடும். படத்தைத் தொடவே வேண்டாம்.

நிற்க. எஸ்டிக்குப் பின் 1992-இல் வந்த அடாரி ஃபால்கனில் லினக்ஸ் ஓடும். ஆனால் லினக்ஸின் புதிய கிராபிக்ஸ் அமைப்பான டிஆர்எம்-மில், இந்த அட்டவணை முறைக்குப் புள்ளிக்கு 8 பிட் என்ற ஒரே வகைதான் இருந்தது. பழைய மெஷின்களின் லினக்ஸைப் பல வருடங்களாகக் கவனித்துவரும் கெர்ட் உய்ட்டர்ஹூவன் என்பவர், 2022-இல் 1, 2, 4 பிட் வகைகளுக்கும் வழி செய்தார். கறுப்பு வெள்ளையிலேயே இரண்டு வகை: 1 என்றால் வெளிச்சம் என்று ஒன்று, 1 என்றால் இருட்டு என்று இன்னொன்று. மாற்றிப் படித்தால் படம் நெகட்டிவ் ஆகிவிடும்!

இதற்கு ஏன் இத்தனை மெனக்கெடல்? இன்றைய வழக்கப்படி புள்ளிக்கு 4 பைட் கொடுத்தால் 640 × 400 படத்துக்கு 10,24,000 பைட் வேண்டும். 32 மடங்கு! 4 எம்பி மெமரி உள்ள ஃபால்கனில் கால்வாசி அதற்கே போய்விடும். பிறகு அதை 1 பிட்டாகச் சுருக்கும் வேலை வேறு.

வங்கிகள் கோர் பேங்கிங்குக்கு மாறியபோது பழைய பேரேடுகள் கட்டுக்கட்டாக அறைக்குள் போயின. பேரேடு பத்திரமாக இருந்தால் போதாது, அதைப் படிக்கத் தெரிந்த ஆளும் வேண்டும். பழைய கம்ப்யூட்டருக்கு அந்த ஆள்தான் டிரைவர். அது இல்லாவிட்டால், மெஷின் நன்றாக இருந்தும் காயலான் கடைச் சரக்குதான்.