வரவேற்பறையில் ஒரு முதியவர்: பூர்ணம் விஸ்வநாதனின் மேடை

சபா நாடகம் என்றதும் முகம் சுளிப்பது சிற்றிதழ் வாசகர்களாகிய நமக்கு நெடுநாள் வழக்கம். 'துணுக்குத் தோரணம்' என்று ஒரே சொல்லில் தள்ளிவிட்டு அப்பால் போய்விடுவோம். 1977இல் கூத்துப்பட்டறையும் அடுத்த ஆண்டில் பரீக்ஷாவும் தோன்றிய பின், நவீன நாடகம் ஒரு கரை, மயிலாப்பூர் சிரிப்பு மறு கரை என்று கோடு கிழித்தாயிற்று. அந்தக் கோட்டை நாமும் வகுப்பறையில் பல ஆண்டுகள் கிழித்துக் காட்டியிருக்கிறோம். ஆனால் கணையாழியின் கடைசிப் பக்கத்தில் சுஜாதாவை விரும்பிப் படித்த அதே வாசகர்கள், அவர் எழுதிய நாடகங்களை மேடையில் தாங்கிய நடிகரைப் பற்றி ஒரு பத்தியேனும் எழுதினோமா என்று கேட்டால் தலைகுனியத்தான் வேண்டும். பூர்ணம் விஸ்வநாதனைத் திரையில் அப்பாவாகவும் தாத்தாவாகவும் அறிந்தவர்கள் ஏராளம். நாம் பேச வந்தது அவருடைய மேடையை.

1921இல் பிறந்த அவர் இளமையிலேயே நாடகத்துக்கு வந்தவர். நாற்பதுகளில் தில்லி சென்று அகில இந்திய வானொலியின் தமிழ்ச் செய்திப் பிரிவில் சேர்ந்தார். 1947 ஆகஸ்டு 15 அன்று நாடு விடுதலை பெற்ற செய்தியைத் தமிழில் வாசித்த குரல் அவருடையது. குடும்பமும் எழுத்தோடு தொடர்புடையதே. 'முள்ளும் மலரும்' நாவலை எழுதிய உமாசந்திரன் அவருடைய சகோதரர். ருஷ்ய இலக்கியத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்த பூர்ணம் சோமசுந்தரம் இன்னொரு சகோதரர். மாஸ்கோவிலிருந்து வந்த மலிவு விலைப் புத்தகங்களை வாங்கிக் குவித்த தலைமுறைக்கு அந்தப் பெயரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

வானொலிப் பழக்கம் அவர் மேடைக்குக் கொடுத்தது என்ன? அந்நாளைய சபா மேடையில் ஒலிவாங்கிகள் மேலிருந்து தொங்கும். நடிகர்கள் வசனம் வரும்போது அவற்றின் அடியில் வந்து நின்று, அவையைப் பார்த்துக் கூவுவார்கள். எதிரே நிற்கும் மனைவியிடம் பேசவேண்டியதைப் பத்தாவது வரிசையிடம் பேசுவார்கள். செய்தி வாசிப்பவனோ குரலை உயர்த்தாமல் சொல்லைத் தெளிவாக விடக் கற்றவன். எங்கே மூச்சு வாங்குவது, எந்தச் சொல்லுக்கு முன் அரைக்கணம் நிற்பது என்பது அவனுக்குத் தொழில். நகைச்சுவையில் அந்த அரைக்கணமே எல்லாம். பூர்ணத்தின் குரலில் ஒரு சிறு நடுக்கமும் இழுப்பும் உண்டு. திரையில் 'வறுமையின் நிறம் சிவப்பு' (1980) படத்தின் தந்தையிடமும் 'மகாநதி' (1994) படத்தின் பஞ்சாபகேசனிடமும் அதைக் கேட்கலாம். அவை இரண்டும் நகைச்சுவைப் பாத்திரங்கள் அல்ல என்பதையும் கவனிக்க வேண்டும்.

அமெச்சூர் நாடகத்துக்குத் தமிழில் நல்ல வம்சாவளி இருக்கிறது. 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கியபோதே, பகலில் உத்தியோகமும் மாலையில் அரிதாரமும் என்ற வாழ்க்கை ஆரம்பமாகிவிட்டது. பாய்ஸ் கம்பெனிகளின் பாட்டும் படாடோபமும் அதற்குக் கட்டுப்படியாகாது. அலுவலகம் விட்டு வந்து ஒத்திகை பார்ப்பவர்களுக்கு ஒரே அரங்கம், ஒரு சோபா, ஒரு தொலைபேசி, மாடிக்குப் போகும் படி, சமையலறைக்குப் போகும் வாசல் போதும். இப்படிப் பாதி சிக்கனத்தால் பிறந்ததே வரவேற்பறை நாடகம். மேனாட்டிலும் அது நடுத்தர வர்க்கத்தின் வடிவந்தான். நம் ஊரில் சோபாவுக்குப் பக்கத்தில் சாய்வு நாற்காலியும் வந்து சேர்ந்தது.

அந்தச் சாய்வு நாற்காலியில் பூர்ணம் உட்கார்ந்த நாடகங்களுள் தலையாயது சுஜாதாவின் 'கடவுள் வந்திருந்தார்'. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெறுகிறார் சீனிவாசன். வீட்டில் அவர் சொல்லைக் கேட்க ஆளில்லை. அப்போது எதிர்காலத்திலிருந்து ஜோ என்றொருவன் வருகிறான். அவரைத் தவிர வேறு யாருக்கும் அவன் தெரிவதில்லை. முதலில் அவருக்குப் பைத்தியம் என்கிறார்கள், பிறகு அவரிடம் ஏதோ தெய்வாம்சம் இருக்கிறது என்கிறார்கள். இதில் ஒரு மேடைச் சிக்கல் இருக்கிறது. ஜோ நம் கண்ணுக்குத் தெரிகிறான். சீனிவாசனாக நடிப்பவர் அவனைப் பார்த்தாக வேண்டும். மற்ற அனைவரும் அவன் நிற்கும் இடத்தை வெறும் காற்றாகக் கருதி ஊடுருவிப் பார்த்தாக வேண்டும். ஒருவர் கண் ஒருமுறை தவறினால் நாடகம் கலைந்துவிடும். இரண்டு உலகங்களுக்கு நடுவே மாட்டிக்கொண்ட அந்த மனிதரே முழு நாடகத்துக்கும் அச்சாணி. இதைத் துணுக்குத் தோரணம் என்பது எப்படிப் பொருந்தும்?

நாம் பாடம் நடத்துவது பூவிருந்தவல்லிப் பக்கத்தில் ஒரு கல்லூரியில். சில ஆண்டுகளுக்கு முன் முதுகலை வகுப்பில் இந்நாடகத்தைப் பாத்திரம் பிரித்து உரக்கப் படிக்கச் செய்தோம். மாணவர்களில் பெரும்பாலோர் அம்பத்தூர், ஆவடி வாசிகள். தொழிற்பேட்டைக்கும் டாங்கித் தொழிற்சாலைக்கும் சைக்கிளில் போய்வந்தவர்களின் பேரப்பிள்ளைகள். முதல் பக்கங்களுக்கு நன்றாகச் சிரித்தார்கள். வீட்டார் சீனிவாசனைப் பொருட்படுத்தாமல் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் இடம் வந்தபோது ஒரு மாணவி படிப்பதை நிறுத்திவிட்டு, "எங்க தாத்தா விருப்ப ஓய்வு வாங்கிட்டு வந்தப்ப வீட்ல இப்படித்தான் சார்" என்றாள். மயிலாப்பூர்ச் சிரிப்பு என்று நாம் ஒதுக்கியது ஆவடிக் குடியிருப்பின் இரண்டாம் ஷிப்டு முடிந்த வீடுகளிலும் நடந்துகொண்டிருந்தது. நமக்குத்தான் அது தெரியாமல் போயிற்று. அன்றைக்கு அம்மாணவிக்குச் சொல்ல நம்மிடம் ஒன்றும் இருக்கவில்லை.

பூர்ணமும் சுஜாதாவும் அந்த ஒரு வெற்றியோடு நிற்கவில்லை. 'டாக்டர் நரேந்திரனின் வினோத வழக்கு' வரவேற்பறையை விட்டு நீதிமன்றத்துக்குப் போனது. 'அடிமைகள்' சிரிப்பை அறவே நம்பாத நாடகம். 'ஊஞ்சல்' காலம் தன்னைத் தாண்டிப் போனதை ஒப்புக்கொள்ள மாட்டாத ஒரு தந்தையைப் பற்றியது. நம் கணிப்பில் அவர்கள் கூட்டணியின் சிறந்த பிரதி இதுவே. 'கடவுள் வந்திருந்தார்' பெற்ற புகழ் இதை மறைத்துவிட்டது என்பது நம் வருத்தம். பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்த சுஜாதா எழுத, சென்னையில் பூர்ணம் தம் குழுவை வைத்து மேடையேற்றினார். நாடகாசிரியனுக்குத் தன் முதியவர்களுக்கு ஒரு குரல் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் வசனம் தானே சுருங்கும். 'ஊஞ்ச'லைப் படிப்பவர்கள் இந்தச் சுருக்கத்தை உணரலாம்.

குறை இல்லாமலில்லை. இந்நாடகங்களில் பெண் பாத்திரங்கள் பெரும்பாலும் காபி கொண்டுவரவும் கவலைப்படவுமே வருகிறார்கள். வீடு ஒரே சாதியின் பேச்சில்தான் பேசுகிறது. நவீன நாடகக்காரர்கள் சொன்ன குற்றச்சாட்டில் இந்தப் பாதி உண்மைதான். அதை மறுக்க நமக்கு எண்ணமில்லை.

சுஜாதா 2008 பிப்ரவரி 27இல் மறைந்தார். அதே ஆண்டு அக்டோபர் 1இல் பூர்ணம் மறைந்தார். நாடகங்கள் அச்சில் இருக்கின்றன. நம் வகுப்பில் சீனிவாசனைப் படித்த மாணவன் அம்பத்தூர்ப் பையன். பூர்ணம் யாரென்றே அறியாதவன். கடைசிக் காட்சியில், யாரும் சொல்லிக்கொடுக்காமலே, ஒரு சொல்லுக்கு முன் அரைக்கணம் நின்றான்.