ஈரத்துணி சுற்றிய வெப்பமானி

தொழிலாளியை வெம்மையிலிருந்து காக்கும் விதிகளின் வரலாற்றைத் தேடுவோர் வெயில் மிகுந்த நாடுகளிலிருந்து தொடங்குவது இயல்பு. ஆயினும் அவ்வரலாற்றின் முக்கியமான பக்கமொன்று, குளிரும் மழையும் மிகுந்த இங்கிலாந்தின் லங்காஷயர் நெசவுக் கூடங்களில் எழுதப்பட்டது. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரினால் அங்கு அமெரிக்கப் பஞ்சு வரத்துக் குன்றியது. ஈடாக இந்தியாவிலிருந்து சென்ற சூரத்துப் பஞ்சு குறுகிய இழையுடையது. தறியில் எளிதில் அறுந்தது. பாவு நூலுக்கு மிகுதியாகக் கஞ்சியும் வெண்களிமண்ணும் ஏற்றினர். ஏற்றிய நூல் காய்ந்து முறியாதிருக்கக் கூடத்தினுள் நீராவியைச் செலுத்தினர். போர் முடிந்து பஞ்சு வந்தபின்னும் அவ்வழக்கம் நிலைத்தது.

நெசவாளர் முறையிட்டதன் விளைவாக 1889இல் பருத்தித் துணி ஆலைச் சட்டம் இயற்றப்பட்டது. கூடங்களில் இரு வெப்பமானிகள் தொங்கவேண்டும் என்றது சட்டம். ஒன்று சாதாரணமானது, மற்றொன்றின் குமிழில் நனைந்த துணி சுற்றப்பட்டிருக்கும். துணியின் நீர் ஆவியாகும்போது குமிழ் குளிரும். காற்றில் ஈரம் மிகுந்தால் ஆவியாவது குறையும், குளிர்ச்சியும் குறையும். நம் தோலின்மீது வியர்வை செய்வதும் இதுவேயாகும். எனினும் அச்சட்டத்தின் பட்டியலில், கூடத்தின் வெப்பம் ஏற ஏற அனுமதிக்கப்பட்ட ஈரமும் ஏறியது. அளவுகோல் உடலுக்கு ஏற்றதாயிருந்தும், வரம்பை நூலின் தேவையே தீர்மானித்தது என்றே கருதவேண்டியுள்ளது.

உடலின் பக்கமிருந்து இக்கேள்வியை எழுப்பியவர் உடலியல் அறிஞர் ஜே. எஸ். ஹால்டேன். 1905இல் வெளியிட்ட ஆய்வில், அசையாத காற்றில் ஈரக்குமிழ் அளவு ஏறத்தாழ 31 பாகை செல்சியசைத் தாண்டினால், சட்டையின்றி ஓய்ந்திருப்பவரின் உடல் வெப்பமும் ஏறத் தொடங்கும் என்று காட்டினார். உழைப்பவருக்கு வரம்பு இதனினும் கீழே என்பது சொல்லாமலே விளங்கும். 1911இல் லங்காஷயர் விதி மாறிற்று: ஈரக்குமிழ் 75 பாகை பாரன்ஹீட்டைத் தாண்டினால் செயற்கையாக ஈரமேற்றுதல் கூடாது.

அதே காலத்தில் மலாயாவில் இரப்பர்த் தோட்டங்கள் பெருகின. விடியுமுன் பெரட்டு, இருள் பிரியும்போதே பால்வெட்டு. வெயிலுக்கு அஞ்சி வகுத்த நேரமன்று இது. குளிர்ந்த வேளையில் மரத்தினுள் அழுத்தம் மிகுந்திருக்கும். பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற ஓட்டம் தளரும். மரத்துக்காக வகுத்த கால அட்டவணை, தற்செயலாக வெட்டுவோருக்கும் நிழல் தந்தது. பால் தராத வெளிக்காட்டு வேலைக்கு, களை பிடுங்குவோருக்கும் கான் வெட்டுவோருக்கும், அத்தகைய தற்செயல் வாய்க்கவில்லை. வெயிலைத் தாங்குவது ஆசியத் தொழிலாளரின் பிறவி இயல்பு என்ற காலனிய நம்பிக்கை வேறு இருந்தது. உண்மையில், எவ்வினத்தாராயினும் உடல் வெம்மைக்குப் பழக ஒன்று அல்லது இரண்டு வாரம் ஆகும். சில வாரம் விலகியிருந்தால் அப்பழக்கம் மறையும். விடுப்பில் சென்று திரும்புபவரும் ஓரளவு புதியவரே.

இன்று உலகெங்கும் வழங்கும் அளவை படைப் பயிற்சியில் பிறந்தது. அமெரிக்காவின் தென் கரோலினாவிலுள்ள பாரிஸ் தீவில், கடற்படைப் பிரிவின் புதிய வீரர்கள் பயிற்சியின்போது வெப்பத்தாக்கத்தால் வீழ்ந்தனர். அதைத் தடுக்க யாக்லூ, மினார்ட் என்போர் 1957இல் ஒரு முறையை வெளியிட்டனர். ஈரக்குமிழ் அளவுக்கு 70 விழுக்காடு, வெயிலின் தாக்கத்தை ஏற்கும் கரும்பந்து வெப்பமானிக்கு 20, சாதாரண வெப்பமானிக்கு 10 என்பது அதன் கணக்கு. சாதாரண வெப்பமானிக்குக் கிடைத்த பங்கு எவ்வளவு சிறியது என்பதை மாணவர் கவனிக்கவேண்டும். வானிலை அறிக்கையில் நாம் கேட்பது அந்தப் பத்தில் ஒரு பங்கையே.

மலேசியாவில் தொழிலிட வெப்ப அழுத்தம் குறித்த அரசு வழிகாட்டி 2016இல் வந்தது. சிங்கப்பூரின் மனிதவள அமைச்சு 2023 அக்டோபரில் விதிகளை வலுப்படுத்தியது. அக்கலப்பு அளவு 32 பாகையை எட்டினால், வெளியிடங்களில் கடும் உடலுழைப்பில் இருப்போருக்கு மணிக்கொருமுறை குறைந்தது 10 நிமிட ஓய்வு. 33ஐ எட்டினால் 15 நிமிடம். புதிதாக வந்தோரை வெயிலுக்குப் படிப்படியாகப் பழக்க ஏழு நாளேனும் வேண்டும் என்பதும் அவ்விதிகளில் உண்டு. பிறவி இயல்பு என்ற பழைய நம்பிக்கைக்கு அந்த ஏழு நாளில் இடமில்லை.

50 லட்சம் வெள்ளியும் அதற்கு மேலும் மதிப்புள்ள கட்டுமானத் தளங்களில் மணிதோறும் அளவெடுக்கவேண்டும். சிறிய தளங்கள், அரசின் கைப்பேசிச் செயலி காட்டும் அண்மை நிலைய அளவைக் கொண்டு நடக்கலாம். அங்கே கூரையில் ஓடு பதிப்பவருக்கு அந்தப் பத்து நிமிடம் கிடைப்பது, மேற்பார்வையாளர் கைப்பேசியை எடுத்துப் பார்ப்பதைப் பொறுத்தது.