சாளர மறைப்பு

சாளர மறைப்பு என்பது சாளரங்களின் உட்புறத்திலோ வெளிப்புறத்திலோ பொருத்தப்படும் திரைச்சீலை, தட்டி, மரக்கதவு, நிழற்கூரை முதலியவற்றைக் குறிக்கும் பொதுப் பெயராகும். அழகு, தனிமை, வெளிச்சக் கட்டுப்பாடு ஆகியவற்றுக்காகப் பெரும்பாலும் பயன்படுத்தப்படும் இவை, வீட்டைக் குளிர்விக்கவும் சூடாக்கவும் தேவைப்படும் ஆற்றலைக் குறைப்பதிலும் முக்கிய பங்கு வகிக்கின்றன. ஐக்கிய அமெரிக்க ஆற்றல் துறையின் மதிப்பீட்டின்படி, அந்நாட்டு வீடுகளைச் சூடாக்கச் செலவாகும் ஆற்றலில் ஏறத்தாழ 30% சாளரங்கள் வழியாக இழக்கப்படுகிறது. கோடைகாலத்தில், வழக்கமான இரட்டைக் கண்ணாடிச் சாளரத்தின் மீது விழும் சூரிய ஒளியில் சுமார் 76% உள்ளே நுழைந்து வெப்பமாகிறது.

செயற்படும் முறை

கண்ணாடி, சூரியனிலிருந்து வரும் குறுகிய அலைநீளக் கதிர்களை எளிதில் உள்ளே விடுகிறது. அவற்றால் சூடாகும் தரையும் தளபாடங்களும் நீண்ட அலைநீளம் கொண்ட அகச்சிவப்புக் கதிர்களை வெளிவிடுகின்றன. இக்கதிர்கள் கண்ணாடியை நேரடியாக ஊடுருவ முடியாததால் வெப்பம் அறைக்குள் தங்கிவிடுகிறது. இதனால் மறைப்பு கண்ணாடிக்கு எந்தப் பக்கத்தில் உள்ளது என்பதே அதன் பயனைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

வெளிப்புற மறைப்பு, கதிர்கள் கண்ணாடியை அடையும் முன்னரே அவற்றைத் தடுக்கிறது. அது உறிஞ்சும் வெப்பத்தின் பெரும்பகுதி வெளிக்காற்றில் கலந்துவிடும். உட்புற மறைப்பை அடையும் கதிர்களோ ஏற்கனவே கண்ணாடியைக் கடந்து வந்தவை. அவற்றில் மறைப்பு தெறிக்கச் செய்யும் பகுதி மட்டுமே கண்ணாடி வழியே மீண்டும் வெளியேறும். உறிஞ்சப்படும் பகுதியில் பெரும்பங்கு அறையையே சூடாக்கும். எனவே உட்புறத் திரைகளின் கண்ணாடியை நோக்கிய பக்கம் வெண்மையாக அல்லது பளபளப்பாக இருப்பது நல்லது.

வகைகள்

* நிழற்கூரை: சாளரத்தின் மேல் வெளிப்புறம் சாய்வாகப் பொருத்தப்படுவது. கோடையில் சூரிய வெப்ப வரவைத் தெற்கு நோக்கிய சாளரங்களில் 65% வரையும், மேற்கு நோக்கியவற்றில் 77% வரையும் குறைக்கக்கூடியது என அமெரிக்க ஆற்றல் துறை குறிப்பிடுகிறது.
* வெளிப்புற ஷட்டர்: தென் ஐரோப்பாவில் மரக்கதவுகளாகவும், செருமனியில் சுருட்டி ஏற்றி இறக்கும் வகையிலும் பரவலாக உள்ளது.
* தட்டி: மூங்கில், நாணல் போன்றவற்றால் செய்யப்படுவது. இந்தியாவில் வெட்டிவேர்த் தட்டிகளை நீர் தெளித்துத் தொங்கவிடும் வழக்கம் உண்டு. நீர் ஆவியாகும்போது அதனூடாக வரும் காற்று குளிர்கிறது.
* பட்டைத் திரை: கிடையான பட்டைகளைத் திருப்பி ஒளியைக் கட்டுப்படுத்தலாம். நன்கு தெறிக்கும் தன்மையுள்ள பட்டைகளை முழுதாக மூடினால் வெப்ப வரவு சுமார் 45% குறையும்.
* திரைச்சீலை: நடுத்தர நிறமும் வெண்ணிற நெகிழி முதுகும் கொண்டவை வெப்ப வரவை 33% வரை குறைக்கும்.
* தேன்கூட்டுத் திரை: காற்று அடைபட்ட அறைகளைக் கொண்டது. இறுக்கமாகப் பொருத்தினால் குளிர்காலத்தில் சாளரம் வழியான வெப்ப இழப்பை 40% அல்லது அதற்கும் மேலாகக் குறைக்கவல்லது.

தெரிவு செய்தல்

சாளரம் நோக்கும் திசை முதலில் கவனிக்கப்பட வேண்டியதாகும். நியூயார்க்கில் நண்பகல் சூரியன் சூன் மாத இறுதியில் ஏறத்தாழ 73 பாகை உயரத்திலும், திசம்பர் மாத இறுதியில் 26 பாகை உயரத்திலும் காணப்படும். ஆகவே அங்கு தெற்குச் சாளரத்தின் மேலுள்ள நிழற்கூரை கோடை வெயிலைத் தடுத்து, குளிர்கால வெயிலை உள்ளே விடும். சென்னை போன்ற வெப்பமண்டல நகரங்களில் சூன் மாத நண்பகலில் சூரியன் தலைக்கு மேலே, சற்று வடக்கே சாய்ந்திருக்கும். அங்கு காலையிலும் மாலையிலும் தாழ்வாக வரும் வெயிலே கிழக்கு, மேற்குச் சாளரங்களை அதிகம் தாக்குகிறது. தாழ்ந்த கதிர்கள் சிறிய நிழற்கூரையின் அடியில் நுழைந்துவிடுவதால், வெளிப்புறம் செங்குத்தாகத் தொங்கும் தட்டியே கூடுதல் பயன் தரும். வெளிப்புற மறைப்புக்கு வசதியில்லாத அடுக்குமாடி வீடுகளில் வெளிர்நிற உட்புறத் திரைகளைப் பயன்படுத்தலாம்.

குளிர்நாடுகளில் இடைவெளிகளைத் தவிர்ப்பது முக்கியமாகும். திரைக்கும் கண்ணாடிக்கும் இடையே குளிரும் காற்று கீழ்வழியாக வெளியேறி, மேல்வழியாக அறையின் சூடான காற்றை உள்ளிழுக்கும். திரையின் மேற்பகுதியை மூடுவதும், பக்கங்களைச் சுவரோடு ஒட்டச் செய்வதும், கீழ்விளிம்பு தரையை அல்லது சாளரப் படியைத் தொடுமாறு அமைப்பதும் இச்சுழற்சியைத் தடுக்கும்.

பயன்பாடும் குறைபாடுகளும்

சரியான நேரத்தில் திறந்து மூடாவிட்டால் சிறந்த மறைப்பும் பயன் தராது. கோடையில் வெயில் படும் முன்னரே மூடி, வெளிக்காற்று குளிர்ந்தபின் சாளரத்துடன் திறக்க வேண்டும். குளிர்காலத்தில் வெயில் படும்போது திறந்து, இரவில் மூட வேண்டும். பகலில் முழுதாக மூடி மின்விளக்கை எரிப்பது சேமிப்பின் ஒரு பகுதியை இழக்கச் செய்யும். குளிர்காலத்தில் இறுக்கமான திரைக்குப் பின்னால் கண்ணாடியில் நீர் படிந்து மரச்சட்டம் பழுதடையலாம். தொங்கும் இழுகயிறுகள் சிறு குழந்தைகளின் கழுத்தை இறுக்கக்கூடிய ஆபத்து உள்ளதால், குழந்தைகள் உள்ள வீடுகளுக்குக் கயிறற்ற வகைகளே ஏற்றவை.