துப்பாக்கியும் அறக்கட்டளையும்: படைக்கல உடைமையின் சட்ட வரலாறு

முன்னுரை

சென்னை கே.கே. நகரில் வாழும் ஒரு குடும்பத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். தென்மாவட்டச் சிற்றூர் ஒன்றில் நிலம் வைத்திருந்த மூத்தவர், பயிர்க் காவலுக்கென உரிமம் பெற்றுத் துப்பாக்கி ஒன்றை வைத்திருந்தார். அவர் மறைந்தபின் நகரில் வாழும் மக்கள் அதற்குப் பொறுப்பாகின்றனர். நிலத்தையும் வீட்டையும் நகைகளையும் குடும்ப அறக்கட்டளை ஒன்றின் பெயரில் எழுதிவைத்துத் தலைமுறைதோறும் நிருவகிக்கச் சட்டம் இடம்தருகிறது. அத்துப்பாக்கியையும் அவ்வாறு எழுதிவைக்க இயலுமா என்னும் வினா எளியதாகத் தோன்றினும், அதற்கான விடை இரு நூற்றாண்டுப் படைக்கல வரலாற்றில் அடங்கியுள்ளது. இந்தியச் சட்டம் துப்பாக்கியைச் சொத்தாக ஏற்றுக்கொள்கிறது. அதை வைத்திருக்கும் தகுதியைத் தனிமனிதரிடமே ஒப்படைக்கிறது. இவ்விரண்டும் பிரிந்து நிற்கும் முறையையும் அதன் விளைவுகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

பாளையங்களின் படைக்கலங்கள்

தமிழகத்தில் படைக்கலம் நெடுங்காலம் தனியொருவரின் உடைமையாக மட்டும் இருந்ததில்லை. பாளையக்காரர் ஆட்சியில் அது காவல் கடமையோடு பிணைந்திருந்தது. தலகாவல், தேசகாவல் ஆகிய முறைகளின்கீழ் ஊரையும் வழிகளையும் காத்தவர்கள் அதற்குரிய வருவாயையும் உரிமையையும் பெற்றனர். வேலும் வாளும் துப்பாக்கியும் அக்கடமையின் கருவிகளாகப் பாளையத்துக்கும் காவல் பூண்ட சமூகத்துக்கும் உரியனவாக விளங்கின.

கிழக்கிந்தியக் கம்பெனி இவ்வமைப்பையே உடைத்தது. 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டபின், மேஜர் பானர்மென் கோட்டைகளை இடிக்கவும் படைக்கலங்களை ஒப்படைக்கவும் ஆணையிட்டார். மருது சகோதரர்களின் எழுச்சி ஒடுக்கப்பட்டதைத் தொடர்ந்து, சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் 1801 டிசம்பர் 1 அன்று வெளியிட்ட அறிக்கை மக்கள் படைக்கலம் தாங்குவதைத் தடைசெய்தது. பாளையக்காரர்கள் நிலவரி செலுத்தும் ஜமீன்தார்களாக மாற்றப்பட்டனர். நிலம் அவர்களிடம் தங்கியது. படைபலம் அரசின் தனியுரிமையாயிற்று.

1878 முதல் 1959 வரை

1857ஆம் ஆண்டு எழுச்சிக்குப் பின்னர் படைக்கலக் கட்டுப்பாடு இந்தியா முழுமைக்கும் விரிந்தது. லிட்டன் பிரபுவின் ஆட்சிக்காலத்தில் இயற்றப்பட்ட 1878ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதைக் குற்றமாக்கியது. அதன் 27ஆம் பிரிவு, பெயர் குறித்தோ பதவி கருதியோ வகுப்பு கருதியோ எவருக்கும் விலக்களிக்கும் அதிகாரத்தை அரசுக்கு வழங்கியது. இவ்வாறு, பொது உரிமையாக இல்லாத ஒன்று சிலருக்குச் சலுகையாகத் திரும்பி வந்தது. விலக்குப் பெற்றோரின் தகுதிக்கு அடையாளமாகவும் துப்பாக்கி மாறியது.

விடுதலை இயக்கம் இச்சட்டத்தை அடிமைத்தனத்தின் சின்னமாகக் கண்டது. 1931ஆம் ஆண்டுக் கராச்சி காங்கிரசின் அடிப்படை உரிமைகள் தீர்மானம், ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டுப் படைக்கலம் வைத்திருக்கும் உரிமையையும் பட்டியலிட்டது. ஆயினும் 1950இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பில் அவ்வுரிமை இடம்பெறவில்லை. மாறாக, 19ஆம் உறுப்பு படைக்கலமின்றி அமைதியாகக் கூடும் உரிமையையே வழங்கியது. படைக்கலமும் வெடிபொருளும் ஒன்றியப் பட்டியலின் 5ஆம் பதிவில் வைக்கப்பட்டன. 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம் 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்து பழைய சட்டத்தை நீக்கியது. இனவேற்றுமையின் நிழல் அகன்றபோதிலும், உரிமம் என்னும் மையக்கருத்து நிலைத்தது.

உடைமையும் வைத்திருத்தலும்

தமிழில் ‘அறக்கட்டளை’ என்னும் சொல் பொதுநலக் கொடையையே முதலில் நினைவூட்டுகிறது. குடும்பத்தினரின் நலனுக்கான தனியார் அறக்கட்டளை 1882ஆம் ஆண்டு இந்திய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ் வருகிறது. அச்சட்டத்தின் 4ஆம் பிரிவின்படி அறக்கட்டளையின் நோக்கம் சட்டத்துக்கு உட்பட்டதாக இருத்தல் வேண்டும். 5ஆம் பிரிவின்படி அசையும் சொத்து எழுத்துமூலம் அறிவிக்கப்பட வேண்டும். அல்லது அதன் உடைமை அறங்காவலருக்கு மாற்றப்பட வேண்டும். 8ஆம் பிரிவின்படி அச்சொத்து பயனாளிக்கு மாற்றத்தக்கதாகவும் இருக்க வேண்டும்.

படைக்கலச் சட்டம் குறுக்கிடுவது இவ்விடத்திலேதான். அதன் 3ஆம் பிரிவு உரிமமின்றித் துப்பாக்கியைப் பெறுவதையும் வைத்திருப்பதையும் தடுக்கிறது. 9ஆம் பிரிவு 21 வயது நிரம்பாதவரை விலக்குகிறது. உரிமம் மறுக்கப்படுவதற்கான காரணங்களுள் மனநலமும் பொது அமைதியும் அடங்குகின்றன. வயதும் மனநலமும் நடத்தையும் உடலும் உயிரும் உடைய ஒருவரிடமே சோதிக்கத்தக்கவை. அறக்கட்டளைப் பத்திரத்தை அவ்வாறு சோதிக்க இயலாது. ஆகவே பத்திரம் எவ்வளவு செம்மையாக எழுதப்பட்டாலும், அறங்காவலர் தமக்கென உரிமம் பெறாதவரை துப்பாக்கி அவர் கைக்கு வருவது குற்றமாகும்.

நிறுவனங்களுக்கு உரிமம் அறவே இல்லை என்று இதனால் கொள்ளுதல் பொருந்தாது. வங்கி போன்ற அமைப்புகள் உரிமம் பெற்றுக் காவலர்களைப் பணியமர்த்துவது வழக்கில் உள்ளது. அங்கும் பணத்தைக் காத்தல் என்னும் வரையறுத்த தேவையும், படைக்கலத்தைக் கையாளும் குறிப்பிட்ட மனிதரும் உண்டு. தலைமுறைகளுக்கிடையே உடைமையைக் கடத்துதல் என்னும் குடும்ப அறக்கட்டளையின் நோக்கம் அத்தேவைகளுள் ஒன்றாக ஏற்கப்படவில்லை.

அமெரிக்க ஒப்பீடு

அமெரிக்க ஐக்கிய நாட்டின் வரலாறு வேறு வழியில் சென்றது. 1934ஆம் ஆண்டுத் தேசியத் துப்பாக்கிச் சட்டம் இயந்திரத் துப்பாக்கி, ஒலியடக்கி, குறுங்குழல் துப்பாக்கி ஆகியவற்றுக்குப் பதிவையும் 200 டாலர் வரியையும் விதித்தது. தனியொருவர் விண்ணப்பித்தால் உள்ளூர்க் காவல் தலைமை அலுவலரின் சான்றொப்பம் தேவைப்பட்டது. அறக்கட்டளை விண்ணப்பித்தால் அது தேவைப்படவில்லை. இவ்விடைவெளியே துப்பாக்கி அறக்கட்டளைகள் பெருகுவதற்கு ஒரு காரணமாயிற்று. அறங்காவலர் பலர் ஒரே படைக்கலத்தைச் சட்டப்படி பயன்படுத்த முடிந்ததும், உரிமையாளர் இறந்தபின் கைமாற்றம் எளிதானதும் பிற காரணங்கள்.

2016 ஜூலை 13 முதல் நடைமுறைக்கு வந்த விதி இவ்விடைவெளியை அடைத்தது. அறக்கட்டளையின் பொறுப்பாளர் ஒவ்வொருவரும் கைரேகையும் ஒளிப்படமும் அளித்துப் பின்னணிச் சோதனைக்கு உட்பட வேண்டியதாயிற்று. சான்றொப்பத்துக்கு மாற்றாக அலுவலருக்கு அறிவித்தலே போதுமென்றாயிற்று. அதே கிழமையில், 2016 ஜூலை 15 அன்று, இந்தியாவின் புதிய படைக்கல விதிகள் அறிவிக்கப்பட்டன. இரு நாடுகளும் வெவ்வேறு தொடக்கங்களிலிருந்து வந்து, படைக்கலத்தின் பின்னுள்ள மனிதர் யார் என்னும் ஒரே வினாவில் சந்தித்தன எனலாம்.

குடகு: கூட்டுரிமையின் எச்சம்

இந்தியாவில் துப்பாக்கி குடியோடும் நிலத்தோடும் இன்றும் பிணைந்திருக்கும் இடம் தமிழகத்தின் அண்டைப் பகுதியான குடகு. 1861இல் மைசூர் ஆணையர் மார்க் கப்பன் வழங்கிய விலக்கு, பிற்காலச் சட்டங்களிலும் தொடர்ந்தது. 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் 41ஆம் பிரிவின்கீழ்க் கொடவர்களும் ஜம்மா நில உரிமை உடையோரும் உரிமம் பெறுவதிலிருந்து விலக்குப் பெற்றுள்ளனர். 2019இல் இவ்விலக்கு 2029 வரை நீட்டிக்கப்பட்டது.

பாளையத்தில் 1801இல் அறுக்கப்பட்ட பிணைப்பு, குடகில் 1861இல் ஏற்பளிக்கப்பட்டது. கம்பெனியை எதிர்த்த காவல் சமூகத்தின் படைக்கலம் பறிக்கப்பட, ஆங்கிலேயருக்கு நம்பிக்கைக்குரியதெனக் கருதப்பட்ட சமூகத்தின் படைக்கலம் மரபாக மதிக்கப்பட்டது. மரபு என்று இன்று வழங்கப்படுவதன் எல்லையை அன்றைய அரசியல் தேவையே வரைந்தது என்பதை இவ்வேறுபாடு புலப்படுத்துகிறது.

வாரிசும் காவல் நிலையமும்

இனி, கே.கே. நகர்க் குடும்பத்தின் நிலைக்குத் திரும்பலாம். படைக்கலச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி, எக்காரணத்தாலேனும் சட்டப்படி வைத்திருக்கும் தகுதி நீங்கிய துப்பாக்கியைத் தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்தவர் தகுதி பெற்றால் உரிய காலத்துக்குள் அதைத் திரும்பப் பெறலாம். அல்லது தகுதியுள்ள மற்றொருவருக்கு விற்கச் செய்து அத்தொகையைப் பெறலாம். காலம் கடந்தால் துப்பாக்கி அரசுடைமையாகும். உடைமை வாரிசிடமும் பொருள் காவலிலும் இருக்கும் இவ்விடைக்காலம், இந்தியச் சட்டத்தின் இரட்டைப் பார்வைக்குத் தெளிவான சான்றாகும்.

2016ஆம் ஆண்டு விதிகளின் 25ஆம் விதி வாரிசுக்கு ஒரு வழியைத் திறக்கிறது. உரிமம் பெற்றவர் இறந்தபின் சட்டப்படியான வாரிசு விண்ணப்பிக்கலாம். வாழ்நாளிலேயே, 70 வயதை எட்டியவர் அல்லது துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்தவர், தாம் குறிக்கும் வாரிசுக்கு அதை வழங்க வழிவகுக்கலாம். சென்னை மாநகரில் காவல் ஆணையரே உரிமம் வழங்கும் அதிகாரி. வாரிசு என்பதற்காக உரிமம் தானாக வந்துவிடாது. காவல் துறையின் அறிக்கையும் விண்ணப்பதாரரின் தகுதியும் ஆராயப்படும். பயிர்க் காவலுக்கென வழங்கப்பட்ட உரிமத்தின் தேவை, நிலத்தை விட்டு நகரில் குடியேறிய வாரிசுக்குப் பொருந்துமா என்னும் சிக்கலும் எழுகிறது.

துப்பாக்கிகளின் எண்ணிக்கையும் சுருங்கி வந்துள்ளது. 1983ஆம் ஆண்டுத் திருத்தம் ஒருவருக்கு மூன்று என வரையறுத்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்த மசோதா அதை ஒன்றாகக் குறைக்க முன்மொழிந்து, இறுதியில் இரண்டாக நிறைவேறியது. மரபுரிமையாக வரும் துப்பாக்கிகளும் இவ்வரம்புக்கு உட்பட்டவை என அத்திருத்தம் வெளிப்படையாகக் கூறுகிறது. பல துப்பாக்கிகளை ஒரே தொகுப்பாகக் காக்க விரும்பும் பழங்குடும்பங்களுக்கு அறக்கட்டளை கவர்ச்சியாகத் தோன்றுவதும், அது பயனளிக்காமல் போவதும் இதனாலேயே. விதிவிலக்காக, பழுதுபார்த்தாலும் சுட இயலாத தொன்மைப் படைக்கலங்களை 45ஆம் பிரிவு சட்டத்தின் பிடியிலிருந்து விடுவிக்கிறது. அத்தகையவற்றை அறக்கட்டளைச் சொத்தாக்கப் படைக்கலச் சட்டம் தடையாக நிற்பதில்லை. தஞ்சை அரண்மனைப் படைக்கலங்கள் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தைச் சேர்ந்ததும் ஒருவகையில் இத்தகைய மாற்றமே: பயன்பாடு இழந்தபின் படைக்கலம் பொதுவுடைமையாகிறது.

முடிவுரை

அறக்கட்டளை என்பது மனிதரின் ஆயுளைக் கடந்து சொத்தை நிலைநிறுத்தும் அமைப்பு. துப்பாக்கி உரிமமோ ஒரு மனிதரின் ஆயுளோடு முடிவது. அவருக்குள்ளும் காலவரம்பு உடையது. இவ்விரண்டின் இயல்பும் முரண்படுவதால், சுடும் திறனுள்ள துப்பாக்கியைப் பொறுத்தவரை இந்தியாவில் குடும்ப அறக்கட்டளை அதன் விலைமதிப்பைக் குறித்த ஏற்பாடாக அமையலாமேயன்றி, அதை வைத்திருக்கும் வழியாக அமையாது. 1801இல் படைக்கலத்தைச் சமூகத்திடமிருந்து பிரித்த அரசு, பின்னர் அதைத் தனிமனிதருக்குத் தனித்தனியே அளந்து கொடுத்தது. விடுதலைக்குப் பிந்திய சட்டமும் அவ்வளவையே கைக்கொண்டது. குடகின் விலக்கு இப்பொதுவிதியின் வரலாற்றுத் தற்செயலை நினைவூட்டுகிறது. உரிமையாளர் வாழும்போதே வாரிசைக் குறித்து 25ஆம் விதியின்கீழ் விண்ணப்பித்தலே குடும்பங்களுக்கு இன்று உள்ள நேரிய வழி. அது தவறினால், தாத்தாவின் துப்பாக்கி பேரனுக்குக் காவல் நிலையப் பதிவேட்டின் ஒரு வரியாகவே எஞ்சும்.