தியாகதுருகத்துத் 'துரை'யும் ரிஷிவந்தியத்துப் பாட்டியும்

நம் விடுதியில் என் அறைத்தோழனை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். பொங்கல் தோறும் என்னோடு ரிஷிவந்தியம் வருவான். அர்த்தநாரீஸ்வரர் கோயில் வாசலில் நின்றுகொண்டு, "டேய், எங்க பாட்டன் இந்தப் பக்கத்துத் துரைடா. தியாகதுருகம் கோட்டையைப் பிடிச்ச அயர்லாந்துக்காரர்" என்பான். நாங்கள் சிரிப்போம். பணி ஓய்வுக்குப் பிறகுதான் இருவரும் சேர்ந்து தேடக் கிளம்பினோம்.

கோட்டைக் கதை முதலிலேயே ஆட்டம் கண்டது. பிரெஞ்சுக்காரரிடமிருந்து அதை மேஜர் பிரஸ்டன் பிடித்தது 1761-இல். இவன் பாட்டன் காலமோ எழுபது, எண்பது ஆண்டு பிந்தியது. (அயர்லாந்துக்காரர் இந்தச் சீமைக்குப் புதியவர் அல்லர். 1760-இல் வந்தவாசியில் மோதிய அயர் கூட் அயர்லாந்தில் பிறந்தவர். எதிரே நின்ற லாலியின் தந்தையும் அயர்லாந்துக்காரரே!)

கம்பெனிப் படையின் பெயர்ப் பதிவேடுகள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. அதில் ஆள் கிடைத்தார். வயது 19, தொழில் நெசவு, ஊர் கார்க் வட்டாரம், வந்த கப்பல், எல்லாம் ஒரே வரியில். பதவி? சாதாரணச் சிப்பாய். துரையுமில்லை, கேப்டனுமில்லை. நண்பன் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

அந்த ஒரு வரியின் அருமை பிறகுதான் புரிந்தது. அவர் இருந்த மதராஸ் ஐரோப்பியப் படைப்பிரிவு 1881-இல் ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ் ஆகி, 1922-இல் கலைக்கப்பட்டது. அதே 1922 ஜூனில், உள்நாட்டுப் போரில் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்தது. பழைய மக்கள்தொகைக் கணக்குகளில் பெரும்பகுதி அதோடு சாம்பல். ஓர் ஏழை நெசவாளியின் பெயர் அவன் சொந்த நாட்டில் அழிந்து, கம்பெனி ஏட்டில் பிழைத்திருக்கிறது.

மனைவி யார்? பிள்ளையின் ஞானஸ்நானப் பதிவில் 'சுதேசிப் பெண்' என்றுதான் போட்டிருந்தது. பெயரே இல்லை. எனக்குக் கோபம் வந்தது.

பெயரைக் காட்டிக் கொடுத்தது நிலம். 1833 சாசனச் சட்டம் வரும்வரை வெள்ளையர் உள்நாட்டில் நிலம் வாங்கக் கட்டுப்பாடு இருந்தது. ஆகவே சொத்து ஏதும் இருந்தால் அது பெண் வழியாகத்தான் இருக்கும் என்று யூகித்தேன். தேடுவது லேசா? நாங்கள் படித்தபோது தென் ஆற்காடு, 1993-இல் விழுப்புரம், 2019-இல் கள்ளக்குறிச்சி. ஒவ்வொரு பிரிவினையிலும் கட்டுகள் எங்கெங்கோ போயிருந்தன. "அந்த ஆபீஸ்ல கேளுங்க சார்" என்ற பதிலை எத்தனை முறை கேட்டோமோ! கடைசியில் 1870-களின் கிரயப் பத்திர நகல் ஒன்று கிடைத்தது. சிப்பாயின் மகன் விற்றது. "எனது தாயாருக்கு அவர் தகப்பனாரால் கொடுக்கப்பட்டு, என் வசம் வந்த ரிஷிவந்தியம் கிராமத்து நஞ்சை" என்று எழுதி, தாயாரின் முழுப் பெயரும், அவர் தகப்பனார் பெயரும் தெளிவாக இருந்தன.

நண்பன் அதைப் படித்துவிட்டு, "அப்ப நான் உங்க ஊருக்கு விருந்தாளி இல்லடா, ஊர்க்காரன்" என்றான்.

நிலத்தைப் போய்ப் பார்த்தோம். கரும்பு நிற்கிறது. இப்போதைய சொந்தக்காரர் நாங்கள் பங்கு கேட்டு வந்தோமோ என்று முதலில் மிரண்டார்; பிறகு கரும்பு ஒடித்துக் கொடுத்தார்.

அந்த அம்மாளின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. மாலைக் கூட்டத்தில் அவனே எழுந்து சொல்வதாக இருக்கிறான்.